சோத்துப் பார்சல் குடுக்கிற கை வாடகைக்கும் கொஞ்சம் குடுக்கட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கட பேப்பர்ல வாசகர் கடிதத்த விடாம வாசிக்கிற ஆள் நான், எழுதுறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீண்டு போகும் போல கிடக்கு, வெட்டாமப் போட்டீங்க எண்டா பெரிய உதவி.

எங்கட ஒழுங்கைல ஒரு வாடகை வீட்டில பொம்பிளைகள் அஞ்சு பேர் இருக்காங்க. எல்லாரும் முந்தி மனநோயோட பஸ் ஸ்டாண்டிலயும் ஸ்டேசன் பக்கத்திலயும் கோயில் வாசல்லயும் படுத்துக் கிடந்த ஆக்கள். திருகோணமலைல இருக்கிற ஒரு சின்னத் தொண்டு அமைப்புத்தான் அந்த வீட்ட எடுத்து அவங்கள வச்சுப் பாக்குது. இப்ப வீட்டுக்காரர் வீட்ட விக்கப் போறார், தைப்பொங்கலோட விட்டுத் தரச் சொல்லிட்டார். அவர்ல ஒரு குறையும் சொல்ல ஏலாது, எல்லாரும் யோசிச்ச நேரம் ஓம் எண்டு திறப்பத் தந்த மனுசன் அவர். பிரச்சின என்னெண்டா அடுத்த வீடு கிடைக்குதில்ல. உப்புவெளில இருந்து உவர்மலை வரைக்கும் கேட்டுப் பாத்தாச்சு. யாருக்கு எண்டு கேப்பாங்க, சொன்ன உடன முகம் மாறிடும், இல்லத் தங்கச்சி சொந்தக்காரர் வாறாங்களாம், இல்லத் தங்கச்சி பெயின்ற் அடிக்க வேணும், இப்பிடி ஒவ்வொரு கதை. சில ஆக்கள் நேரயே சொல்லுவாங்க, விசராக்களுக்கு வீடு குடுக்க ஏலாது எண்டு.

இதே ஊரில தான் ஐயா, சோறு குடுக்கிறதுக்கு சனம் அடிபட்டு நிக்கும். அதுதான் என்ன எழுத வச்சது.

அப்பாட திவசம், அம்மம்மாட முப்பத்தொண்டு, பிள்ளேட முதல் பர்த்டே, லண்டன்ல இருக்கிற அண்ணனுக்கு வேல கிடைச்சது, எல்லாத்துக்கும் காசு வரும், அம்பது பார்சல் கட்டுங்க நூறு பார்சல் கட்டுங்க எண்டு. கட்டிக் கொண்டு போய்க் குடுக்கிறாங்க, போட்டோ எடுத்து அனுப்புறாங்க. நல்ல விசயம் தான், பசிச்ச வயித்துக்குச் சோறு குடுக்கிறதப் பிழை எண்டு ஆரும் சொல்லேலாது, நானும் குடுக்கிறனான். ஆனா அந்தப் பார்சல அவிட்டுச் சாப்பிட்டு முடிய அந்த மனுசன் எங்க போய்க் கை கழுவுறது, எங்க படுக்கிறது, ராவைக்கு மழ வந்தா என்ன செய்யுறது? இந்த வீட்டுக்கும் அப்பிடித்தான், ஒரே நாளில மூண்டு இடத்தில இருந்து மத்தியானச் சாப்பாடு வந்த நாளும் இருக்கு, அடுத்த கிழமை காஸ் சிலிண்டர் முடிஞ்சு விறகு பொறுக்கின நாளும் இருக்கு. சாப்பாட்டுக்கு ஸ்பொன்சர் பண்ண ஆள் இருக்கு. வாடகைக்கு இல்ல. கரண்ட் பில்லுக்கு இல்ல. அவங்களப் பாத்துக் கொண்டு அங்க இரவு பகலா நிக்கிற பிள்ளேட சம்பளத்துக்கு ஆரும் இல்லவே இல்ல, அந்தப் பிள்ளை இல்லாட்டி அது வெறும் நாலு சுவர்.

அந்த வீட்டில என்னதான் நடக்குது எண்டு கன பேருக்குத் தெரியாது, மடம் மாதிரி, முதியோர் இல்லம் மாதிரி ஒண்டு எண்டு நினைக்கிறாங்க. அப்பிடி இல்ல. நீங்க நான் இருக்கிற மாதிரி ஒரு சாதாரண வீடுதான், ரெண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி, பின்னுக்குக் கிணறு. போர்டு ஒண்டும் போடேல்ல, அது தெரிஞ்சே போடாம விட்டது. காலம எழும்பி ஒராள் கூட்டுவா, ஒராள் தேத்தண்ணி வைப்பா, இண்டைக்கு என்ன கறி எண்டு ஒரு சண்டை நடக்கும், எனக்கு இங்க கேக்கும் அந்தச் சத்தம். ஒருத்தி சூடை மீன் வேணும் எண்டுவா, மற்றவ அதில முள்ளு எண்டுவா, பேந்து ரெண்டு பேரும் சேந்து சந்தைக்குப் போய் கீரையும் வாங்கிக் கொண்டு வருவாங்க, மீன்காரனோட விலை பேசுற வடிவைப் பாக்க வேணும். வருசக் கணக்கா மற்றவன் போட்டதத்தான் சாப்பிட்ட ஆக்கள் இவங்க. இண்டைக்கு எனக்கு இந்தக் கறி வேண்டாம் எண்டு வாய் திறந்து சொல்லுறாங்க எண்டா அது எவ்வளவு பெரிய மாற்றம் எண்டு அவங்களோட பழகினாத்தான் விளங்கும்.

ஒரு அம்மா இருக்கிறா, ஊர் வேற இடம், கடைசி வரைக்கும் எந்த இடம் எண்டு வடிவாச் சொல்ல மாட்டா. அவ வந்த புதுசில கட்டில்ல படுக்கவே இல்ல. வாசல் கதவடில தான் படுப்பா, செருப்பக் கழட்டி ஒரு சொப்பிங் பாக்ல சுத்தித் தலைக்குக் கீழ வச்சிடுவா. ஏன் எண்டு கேட்டா, ரோட்டில முதல் களவு போறது செருப்புத்தான் எண்டா. செருப்புப் போனா அடுத்த நாள் கொதிக்கிற தார் ரோட்டில நடக்க ஏலாது, நடக்க ஏலாட்டி சாப்பாடு குடுக்கிற இடத்துக்குப் போகேலாது. நான் இந்த ஊரில பிறந்து வளந்த ஆள், எனக்கு அது அண்டைக்குத்தான் தெரியும். அவவ ஒருத்தரும் கட்டில்ல படுக்கச் சொல்லி வற்புறுத்தேல்ல, அந்தப் பிள்ளையும் தன்ர பாயக் கொண்டு வந்து கொஞ்சம் தள்ளி விறாந்தையிலயே போட்டுப் படுத்தா. மாசக் கணக்காப் போச்சு. இப்ப அவட செருப்பு எல்லாருட செருப்போடயும் வெளிப் படியில கிடக்கு.

இப்பிடி வேலை செய்யுறதுக்கு ஒரு முறை இருக்கு, இங்க இருக்கிற நாலு பேர் தங்கட பாட்டில கண்டு பிடிச்சது இல்ல. முந்தியெல்லாம் என்ன சொல்லுவாங்க, முதல்ல மருந்து எடு, குடிய விடு, ஒழுங்கா இரு, பிறகு வீடு தாறம் எண்டு. அத மாத்தி, முதல்ல வீட்டக் குடு, மற்றதெல்லாம் அந்த வீட்டில இருந்து கொண்டு செய்யலாம் எண்டு 1992ல நியூயோர்க்கில சாம் செம்பெரிஸ் எண்ட உளவியலாளர் தொடங்கினார். பின்லாந்து நாட்டில 2008ல இருந்து அரசாங்கமே அதக் கொள்கையா எடுத்து, ராத் தங்குற மடங்கள நிரந்தர வீடுகளா மாத்திச்சு. அதெல்லாம் வெள்ளைக்காரர் நாடு, காசு இருக்கு எண்டு சொல்லுவீங்க. சரி, சென்னையப் பாருங்க. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் எண்ட ரெண்டு பேர், அப்ப இளம் பிள்ளைகள், மனநோயோட ரோட்டில திரிஞ்ச பொம்பிளைகளுக்காக 1993ல பான்யன் எண்ட அமைப்பத் தொடங்கினாங்க. முதல்ல பெரிய இல்லமாத்தான் நடத்தினாங்க, கன பேரச் சுகப்படுத்திக் குடும்பத்தோட சேத்து வச்சாங்க, ஆனா போறதுக்கு இடமே இல்லாம வருசக் கணக்கா இல்லத்துக்குள்ளயே இருந்த ஆக்களும் இருந்தாங்க. அவங்களுக்காகத்தான் 2015ல ஹோம் அகெய்ன் எண்டு தொடங்கி, சாதாரண தெருக்களில வாடகை வீடு எடுத்து நாலஞ்சு பேராச் சேந்து இருக்க விட்டு, ஒரு உதவியாளரையும் கூட வச்சாங்க. எங்கட ஒழுங்கைல நடக்கிறதும் அதே மாதிரித்தான். அங்க ஏலும் எண்டா இங்க ஏன் ஏலாது? எங்கட சனத்துக்கு மனசு குறைஞ்சதா? நான் நம்ப மாட்டன்.

வீடு எண்டா கூரை மட்டும் இல்ல ஐயா, விலாசம். இத நான் அழுத்திச் சொல்ல வேணும். இந்த நாட்டில அடையாள அட்டை இல்லாட்டி நீங்க ஒண்டும் இல்ல, அடையாள அட்டை எடுக்கப் போனா கிராம சேவகர்ட உறுதிப்படுத்தல் வேணும், கிராம சேவகர் கேக்கிற முதல் கேள்வி எந்த இடத்தில இருக்கிறீங்க எண்டுதான். பஸ் ஸ்டாண்ட் எண்டு எழுத ஏலுமா? அவரும் பாவம், தன்ர பிரிவில இல்லாத ஆளுக்குக் கையெழுத்து வைக்க ஏலாது. அட்டை இல்லாட்டி பேங்க் புத்தகம் இல்ல, 2023ல அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக் காசு வந்தது தானே, அதுக்கு விண்ணப்பிக்கிறதும் கஷ்டம், விலாசம் இல்லாட்டி வோட்டு லிஸ்டில பேர் வாறதும் கஷ்டம். யுத்தத்தில இடம்பெயந்து, 2004 சுனாமில வீட்டோட பிறப்புச் சாட்சிப் பத்திரமும் போய், ஆஸ்பத்திரி வழிய அலைஞ்சு வந்த ஒராளுக்கு இதில ஒண்டச் செய்து முடிக்கிறதே ஒரு மலை. இந்த வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொருத்தருக்கா அந்தப் பிள்ளை பிரதேச செயலகத்துக்கும் கச்சேரிக்கும் நடையா நடந்து அலுவல் பாத்தா. ஒருத்திக்கு அட்டை கைக்கு வந்த அண்டைக்கு அவ எங்கட வீட்டு கேட்ல வந்து நிண்டு, அக்கா இங்க பாருங்க என்ர பேர் எண்டு காட்டினா, பேருக்குக் கீழ எங்கட ஒழுங்கைட பேரும் இருந்திச்சு.

வீடு மாறினா அந்த விலாசமும் மாறும், திரும்ப எல்லாம் எழுத வேணும். அதையும் செய்யலாம், வீடு ஒண்டு கிடைச்சா. கிடைக்காட்டி?

மருந்து விசயமும் அப்பிடித்தான். மனநோய் எண்டா ஆயுசுக்கும் சுகம் வராது எண்டு நினைக்கிறது பெரிய பிழை. கன பேருக்கு மாசத்துக்கு ஒருக்கா ஊசி, சில பேருக்கு ராவில ஒரு குளிசை, அத ஒழுங்கா எடுத்தாலே உங்கள என்ன மாதிரி இருப்பாங்க. ஆனா ரோட்டில படுக்கிற ஆள் கிளினிக் கொப்பிய எங்க வச்சுக் காப்பாத்துறது, தவணை எப்ப எண்டு ஆர் சொல்லுறது, நித்திரை வாற குளிசைய விழுங்கிட்டு பஸ் ஸ்டாண்டில ஒரு பொம்பிளை எப்பிடிப் படுக்கிறது? யோசிச்சுப் பாருங்க. மருந்து எடுக்க மாட்டன் எண்டு அவங்க அடம் பிடிக்கேல்ல, அங்க முழிச்சுக் கொண்டு இருந்தாத்தான் உயிரோட இருக்கலாம்.

சட்டம் என்ன செய்யுது எண்டு கேட்டா, 1841ல வெள்ளைக்காரன் கொண்டு வந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், 1907ல தடுப்பு இல்லங்களுக்கு ஒரு சட்டம். ரோட்டில கிடக்கிற ஆளப் பிடிச்சு எங்கயாவது அடைக்கிறதுக்கு வழி வச்ச சட்டங்கள் தான் அதுகள், குடியமத்துறதுக்கு இல்ல. அப்பிடியான ஒரு தடுப்பு நிலையம் அம்பாந்தோட்டைப் பக்கம் ரிதியகமவில இருக்கு. எங்கட ஊர்ப் பொம்பிளை ஒருத்தி, தமிழ் மட்டும் தெரிஞ்சவ, அவ்வளவு தூரத்தில போய் என்ன எண்டு கதைக்கிறது, ஆர் பாக்கப் போறது. வயசான தாய் தகப்பனப் பிள்ளைகள் கைவிடக் கூடாது எண்டு 2000ம் ஆண்டு முதியோர் உரிமைச் சட்டமும் வந்தது, ஆனா அதுக்கும் ஒரு பிள்ளை இருக்க வேணும், அந்தப் பிள்ளை எங்க எண்டு தெரிஞ்சும் இருக்க வேணும்.

இனி ஒழுங்கைக்காரர்ட பயத்தப் பத்திச் சொல்லுறன், ஏனெண்டா வீடு தர யோசிக்கிற ஆக்களுக்கு அதுதான் பெரிசு. வந்த புதுசில இங்கயும் கதை இருந்தது, இல்ல எண்டு சொல்லேல்ல. பிள்ளைகள் ரியூசனுக்குப் போற வழி, ராவில சத்தம் போடுவாங்களோ, வளவுக்குள்ள வந்து என்னத்தயும் எடுப்பாங்களோ எண்டு. கூட்டமும் கூடினாங்க. சத்தம் போட்டது உண்மை, ஒரு அம்மா ஆரம்பத்தில ராவில எழும்பி யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவா, நாலஞ்சு வீட்டுக்குக் கேக்கும். அந்தப் பிள்ளை கையப் பிடிச்சுக் கொண்டு விடியும் வரைக்கும் பக்கத்தில இருப்பா. கிளினிக்ல மருந்த மாத்தினாங்க, கொஞ்சம் கொஞ்சமா நிண்டுது. களவு போனது எண்டு ஒரு வீட்டிலயும் இல்ல. இப்ப முன் வீட்டுக்காரர் கொழும்புக்கு ராக் கோச்சில போனா வீட்டுத் திறப்ப அங்கதான் குடுத்திட்டுப் போறார், பூமரத்துக்குத் தண்ணி விடச் சொல்லி. கோணேசர் கோயில் தீர்த்தத்துக்குக் கூட்டிக் கொண்டு போனதும் எங்கட ஒழுங்கைப் பொம்பிளைகள் தான். நோன்பு காலத்தில பக்கத்துப் பள்ளில இருந்து கஞ்சி வரும், நத்தாருக்குக் கேக் வரும், சைக்கிள் கடை வச்சிருக்கிற சிங்கள ஐயா ஒருத்தர் ஒரு சதமும் வாங்காம கிணத்து மோட்டரத் திருத்திக் குடுத்தார். எங்கட ஊர் மனுசர் பழகிட்டா விட மாட்டாங்க.

வீட்டுத் தட்டுப்பாடு உண்மைதான். உப்புவெளி நிலாவெளிப் பக்கம் சித்திரைல இருந்து புரட்டாசி வரைக்கும் சீசன், ஒரு அறைய வெள்ளைக்காரருக்கு நாள் கணக்கில விட்டா மாச வாடகையப் போல பல மடங்கு வரும், அப்ப ஏன் வருசக் கணக்கில இவங்களுக்குக் குடுக்க வேணும் எண்டு நினைப்பாங்க. கடனும் பிள்ளைகளின்ர படிப்புச் செலவும் இருக்கிற ஆக்கள நான் குத்தம் சொல்லேல்ல. ஆனா பூட்டிக் கிடக்கிற வீடுகள் எத்தினை? எங்கட பக்கத்திலயே இருக்கு, ஆக்கள் கனடா, லண்டன், சுவிஸ், முத்தம் முழுக்கப் பத்தை, கூரைக்குள்ள வௌவால், காவலுக்கு வேற ஆளுக்குக் காசு. ஆள் இல்லாத வீடு கெதியாப் பாழாகும் எண்டு உங்களுக்கே தெரியும். அந்த வீட்ட இவங்களுக்கு விட்டா மாசம் முதலாந் திகதி வாடகை பேங்க்ல விழும், ஒப்பந்தம் அமைப்பின்ர பேரில எழுதுவாங்க, பைப் உடைஞ்சா அவங்களே திருத்துவாங்க, வீட்ட வித்தாலும் தவணை தந்தா எழும்பிடுவாங்க. இந்த வீட்டுக்காரர்ட்ட வேணுமெண்டாக் கேட்டுப் பாக்கலாம், ஒரு மாசம் எண்டாலும் வாடகை பிந்தினதா எண்டு.

2025 நவம்பர்ல டித்வா புயல் வந்த நேரம் இந்த ஊர் எப்பிடி இருந்தது எண்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடங்களில சனத்தக் கொண்டு போய் வச்சாங்க, சமைச்சுக் குடுத்தாங்க, யார் எவர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. வெள்ளம் வத்தினாப் பிறகு வீடு துப்புரவாக்க எண்டு அரசாங்கம் 25,000 ரூபா குடுத்தது. பஸ் ஸ்டாண்டில படுக்கிறவனுக்குத் துப்புரவாக்க வீடு எங்க? முகாம் மூட அவன் திரும்பிப் போனது அதே சீமெந்து வாங்குக்குத்தான். அந்தக் கிழமை முழுக்கக் காத்திலயும் மழையிலயும் எங்கட ஒழுங்கை வீட்டில அஞ்சு பேரும் கதவச் சாத்தி உள்ளுக்கு இருந்தாங்க, கரண்ட் இல்ல, மெழுகுதிரி வச்சுக் கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரெண்டையும் சேத்து வச்சிருந்தாங்க, அந்தப் பிள்ளைகளின்ர தாய் ஆஸ்பத்திரில டியூட்டி, வர ஏலாமப் போச்சு.

அதால நான் கேக்கிறது இதுதான். அடுத்த திவசத்துக்கு நூறு பார்சல் கட்டுற இடத்தில அம்பது கட்டுங்க, மிச்சக் காச ஒரு மாச வாடகைல சேருங்க. மாசம் 500 ரூபா, 1000 ரூபா எண்டு ஒரு வருசத்துக்கு ஒத்துக் கொள்ளுற ஆக்கள் கொஞ்சப் பேர் சேந்தாலே போதும், ஒரே தரமா வாற பெரிய காச விட மாசா மாசம் வாற சின்னக் காசு தான் வீட்ட நடத்துறதுக்கு உதவும், ஏனெண்டா வாடகை மாசா மாசம் வருது. கோயில் நிர்வாகம், பள்ளி நிர்வாகம், சேர்ச் எல்லாருட்டயும் அன்னதானத்துக்கு ஒரு கணக்கு இருக்கு, அதோட வாடகைக்கும் ஒரு கணக்கு வைக்க ஏலாதா எண்டு பெரியாக்கள் யோசிக்க வேணும். காசு இல்லாத ஆக்கள் நேரம் குடுங்க. தையல் தெரிஞ்ச ஒராள் கிழமைக்கு ஒரு நாள் வந்தாலே ரெண்டு பேர் பழகுவாங்க, அதில ஒருத்திக்குக் கை நல்லாத் திரும்பும். கிளினிக் நாளில கூட்டிக் கொண்டு போக ஒரு ஆட்டோ அண்ணன் வேணும். நடுக்காட்டில விட்ட மாதிரி அந்தப் பிள்ளைய தனிய விட்டிருக்கம், அவவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு குடுக்க மாறி நிக்க ஆள் வேணும். ஆம்பிளைகளுக்கு இப்பிடி ஒரு வீடு இந்த ஊரில எனக்குத் தெரிஞ்சு இல்ல, அமைப்புக்காரருக்கும் அந்த யோசினை இருக்கு, ஆனா இருக்கிற வீடே போகப் போகுது எண்ட நேரத்தில அதக் கதைக்கவும் அவங்களுக்கு வாய் வருதில்ல.

வேண்டிய வீடு பெரிசா ஒண்டும் இல்ல. ரெண்டு அறை, கிணறு இல்லாட்டி பைப், கதவுக்கு நல்ல பூட்டு, பெரியாஸ்பத்திரிக்கு பஸ் போற பாதைல இருந்தா நல்லம். கடைத்தெருவுக்கு நடந்து போகக் கூடிய தூரம் எண்டா இன்னும் நல்லம், மீன் வாங்கப் போறத அவங்க விட மாட்டாங்க. ஊருக்கு வெளிய காட்டுப் பக்கம் தாறம் எண்டு ரெண்டு பேர் சொன்னாங்க, மனசுக்கு நன்றி, ஆனா அங்க கொண்டு போய் விட்டா திரும்ப அவங்கள மனுசரிட்ட இருந்து பிரிச்சு வைக்கிறது தான். பக்கத்து வீட்டுச் சத்தம் கேக்கிற இடமா இருக்க வேணும்.

வீடு இருக்கிற ஆக்கள், மாசாமாசம் குடுக்க விருப்பமான ஆக்கள் உங்கட பேப்பருக்கு ஒரு வரி எழுதினா அத அமைப்புக்காரரிட்டச் சேத்து விடுவீங்களா ஐயா? அவங்கட விலாசமும் போன் நம்பரும் இந்தக் கடிதத்தோட தனித் தாள்ல வச்சிருக்கன், அது பேப்பர்ல போடுறதுக்கு இல்ல, அந்தப் பொம்பிளைகளின்ர பாதுகாப்புக்காக. பொங்கலுக்கு இன்னும் கன நாள் இல்ல, மார்கழிக்குள்ள ஒரு வீடு பேசி முடிச்சாத்தான் சாமான் ஏத்தி இறக்கி விலாசம் மாத்திற அலுவலையும் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒழுங்கைக்காரி ஒருத்தி,
திருகோணமலை.